குதிரையேற்ற அணியின் வெற்றியில் பயிற்சியாளரின் பங்கு

குதிரையேற்றப் பயிற்சியாளர் என்பவர் குதிரையையும் அதைச் செலுத்தும் வீரரையும் ஓர் இணையாகக் கருதிப் பயிற்றுவிப்பவர் ஆவார். ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு டிரெசாஜ், தடை தாண்டல், ஈவென்டிங் என மூன்று பிரிவுகளாக நடைபெறுகிறது. டிரெசாஜ் என்பது குதிரையின் நடையையும் கீழ்ப்படிதலையும் நடுவர்கள் மதிப்பிடும் போட்டியாகும். ஈவென்டிங் என்பது டிரெசாஜ், கிராஸ் கண்ட்ரி, தடை தாண்டல் ஆகிய மூன்றையும் ஒரே குதிரையுடன் முடிக்க வேண்டிய போட்டியாகும். ஓர் அணியின் வெற்றி எந்த அளவுக்குத் தேசியப் பயிற்சியாளரைச் சார்ந்தது என்பது நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது.

பயிற்சியாளரின் பணிகள்

வீரரின் சொந்தப் பயிற்சியாளர் ஆண்டு முழுவதும் அன்றாடப் பயிற்சியைக் கவனிக்கிறார். தேசியப் பயிற்சியாளரோ அணிக்குரிய இணைகளைத் தேர்ந்தெடுக்கவும், களமிறங்கும் வரிசையை முடிவு செய்யவும் உதவுகிறார். கிராஸ் கண்ட்ரி பாதையை வீரர்களுடன் நடந்து பார்த்து, எந்தத் தடையை நேர்வழியில் தாண்டுவது, எதைச் சுற்றுவழியில் கடப்பது என ஆலோசனை கூறுகிறார். முதலில் சென்ற வீரரின் அனுபவத்தை அடுத்தவருக்கு எடுத்துரைக்கிறார். போட்டி தொடங்கிய பின் வெளியிலிருந்து உதவுவது விதிமீறலாகும். எனவே அவரது பணி களத்தின் வாயிலோடு முடிவடைகிறது.

கிறிஸ் பார்ட்டில்

பயிற்சியாளரின் தாக்கத்திற்குச் சிறந்த எடுத்துக்காட்டு இங்கிலாந்தைச் சேர்ந்த கிறிஸ் பார்ட்டில் ஆவார். இவர் 1984 ஒலிம்பிக்கில் டிரெசாஜில் ஆறாம் இடம் பெற்றவர். 1998இல் பேட்மின்டன் ஈவென்டிங் போட்டியை வென்றவர். 2001 முதல் 2016 வரை ஹான்ஸ் மெல்சருடன் இணைந்து ஜெர்மனி ஈவென்டிங் அணிக்குப் பயிற்சியளித்தார். அவ்வணி 2008, 2012 ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்றது. 2016இல் ஐந்தாம் இடம் பெற்றிருந்த பிரித்தானிய அணிக்கு அதன்பின் பயிற்சியாளரானார். அவ்வணி டோக்கியோவில் 1972க்குப் பின் தனது முதல் ஒலிம்பிக் அணித் தங்கத்தை வென்றது. 2024 பாரிசிலும் தங்கத்தைத் தக்கவைத்தது.

எனினும் பார்ட்டில் வருவதற்கு முன்பே, 2012இல், பிரித்தானியா வெள்ளி வென்றிருந்தது. 2022 உலகப் போட்டியில் அவர் பயிற்றுவித்த பிரித்தானியா நான்காம் இடத்தையும், அவர் விட்டுச்சென்ற ஜெர்மனி தங்கத்தையும் பெற்றன. நல்ல குதிரைகளும் வீரர்களும் ஏற்கனவே நிறைந்த நாட்டில்தான் பயிற்சியாளரின் திறன் பதக்கமாக மாறுகிறது என இதிலிருந்து அறியலாம்.

இந்திய அணி

இந்தியாவில் இவ்விளையாட்டு நெடுங்காலம் இராணுவத்தையே சார்ந்திருந்தது. 1982 தில்லி ஆசிய விளையாட்டில் 61ஆம் குதிரைப்படையைச் சேர்ந்த ரகுபீர் சிங் ஈவென்டிங் தனிநபர் தங்கம் வென்றார். அணித் தங்கமும் இந்தியாவுக்கே கிடைத்தது.

அடுத்த தனிநபர் பதக்கம் 2018இல் ஜகார்த்தாவில் கிடைத்தது. பெங்களூரைச் சேர்ந்த ஃபுவாத் மிர்சா ஈவென்டிங்கில் வெள்ளி வென்றார். டோக்கியோ ஒலிம்பிக்கில் 23ஆம் இடம் பெற்றார். ஜெர்மனியில் இவருக்குப் பயிற்சியளித்த சாண்ட்ரா ஆஃபார்த், பார்ட்டில் பயிற்றுவித்த 2012 ஜெர்மனி தங்க அணியின் உறுப்பினர் ஆவார்.

2023 செப்டம்பர் 26 அன்று ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய டிரெசாஜ் அணி 209.205 புள்ளிகளுடன் தங்கம் வென்றது. குதிரையேற்றத்தில் 41 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த தங்கம் இதுவாகும். அனுஷ் அகர்வல்லா (71.088), ஹிருதய் சேடா (69.941), திவ்யகிருதி சிங் (68.176) ஆகியோரின் புள்ளிகள் கணக்கில் சேர்ந்தன, நான்காவது உறுப்பினர் சுதிப்தி ஹஜேலா. இவர்கள் ஒரே தேசிய முகாமில் உருவானவர்கள் அல்லர். ஐரோப்பாவில் வெவ்வேறு பயிற்சியாளர்களிடம் பயின்றவர்கள். அனுஷின் பயிற்சியாளர் ஹூபர்ட்டஸ் ஷ்மிட், 2004 ஒலிம்பிக்கில் ஜெர்மனி டிரெசாஜ் அணியில் தங்கம் வென்றவர்.

பிற காரணிகள்

வீரர் சிறந்தவராயினும் தகுந்த குதிரை இன்றி வெல்ல முடியாது. அத்தகைய குதிரையை வாங்குவதும் பராமரிப்பதும் மிகுந்த செலவு பிடிப்பவை. மேலும் நோய்த்தடுப்பு விதிகளால் இந்தியாவிலிருந்து குதிரைகளை வெளிநாட்டுப் போட்டிகளுக்கு அனுப்புவது கடினமாக இருந்தது. ஹாங்சோவில் பங்கேற்ற டிரெசாஜ் குதிரைகள் ஐரோப்பாவிலிருந்தே சென்றன. 2025 ஜூலையில் மீரட்டிலுள்ள இராணுவக் கால்நடை மருத்துவப் படை மையத்தின் குதிரை வளாகம் நோயற்றது என உலக விலங்கு நல அமைப்பின் ஏற்பைப் பெற்றது. இதனால் அங்குள்ள குதிரைகள் வெளிநாடு செல்ல வழி பிறந்தது.

ஆகவே, இந்தியாவைப் பொறுத்தவரை தேசியப் பயிற்சியாளரை விட வீரரின் சொந்தப் பயிற்சியாளரும், குதிரையும், அதற்கான பொருள்வளமுமே இதுவரை முடிவுகளைத் தீர்மானித்து வந்துள்ளன. வெளிநாட்டில் தங்கிப் பயில வசதியில்லாத வீரருக்கும் இவை உள்நாட்டிலேயே கிடைக்கும்போதுதான், தேசியப் பயிற்சியாளர் ஒருவரால் அணியைத் தேர்ந்து உருவாக்க இயலும்.