கண்ணாடிப் பெட்டிக்குள் வந்த ஓர்க்கிட்

இங்கிலாந்தில் எந்தச் சுப்பர் மார்க்கெட்டுக்குள் போனாலும் ஓர்க்கிட் சாடிகள் வரிசையாக இருக்கும். வெள்ளை, ஊதா, மஞ்சள் என்று வளைந்த தண்டிலே வண்ணத்துப்பூச்சிகள் வந்து இருந்தது போலப் பூக்கள். எங்கட வீடுகளிலும் இப்போது சாமிப் படத்துக்குப் பக்கத்திலோ யன்னல் கரையிலோ ஒன்று இருக்கிறது. குடிபூரல், பிறந்தநாள் என்றால் கையில் கொண்டு போவதும் இதுதான்.

ஆனால் 200 ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் பூவைப் பார்ப்பதென்றால் ஒரு பிரபுவின் மாளிகைக்குப் போகவேணும். அங்கேயும் அது அநேகமாகச் செத்துக்கொண்டுதான் இருந்திருக்கும். கடல் கடந்து வந்த இந்தச் செடி இங்கே எப்படிப் பிழைத்தது என்பது ஒரு பெரிய வரலாறு. அதில் எங்கள் தீவுக்கும் பங்கு இருக்கிறது. அதனால்தான் இந்தப் புத்தாண்டு மலரில் இதை எழுதுகிறேன்.

மண்ணில் வளராத செடி

உயர்தரத்தில் தாவரவியல் படித்தவர்களுக்கு "மேலொட்டி" என்ற சொல் நினைவிருக்கும். வெப்ப நாட்டு ஓர்க்கிட்டுகளில் பெரும்பாலானவை மரக்கிளைகளில் ஒட்டி வளர்பவை. இவை புல்லுருவியைப் போல மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. மரம் நிற்க இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். மழையும் காற்றும் மரப்பட்டையில் சேருகிற தூசியும் குப்பையும் அதற்குப் போதும். வேரைச் சுற்றிப் பஞ்சு மாதிரி ஒரு வெள்ளை உறை உண்டு. மழை பெய்தவுடன் அது நீரை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு காற்றில் காய்ந்துவிடும். ஊரில் பொச்சுமட்டையிலே கட்டித் தொங்கவிடுவதும் இந்தக் காரணத்தால்தான்.

இது 1800களின் தொடக்கத்தில் இங்கிலாந்துக்காரருக்குத் தெரியாது. 1818இல் வில்லியம் ஸ்வைன்சன் என்பவர் பிரேசிலில் இருந்து அனுப்பிய செடிகளில் ஒன்று, வில்லியம் கட்லி என்ற வணிகரின் கண்ணாடி வீட்டில் பெரிய ஊதாப் பூவாகப் பூத்தது. அதற்குக் கட்லியா என்றே பெயர் வைத்தார்கள். வேறு சாமான்களைப் பொதி செய்ய வைத்த குப்பையிலிருந்து அது முளைத்தது என்று ஒரு கதை உண்டு. கேட்க நல்ல கதைதான், ஆனால் ஆராய்ந்து பார்த்தவர்கள் அதை நம்புவதில்லை.

அதன் பிறகு பணக்காரருக்கு ஓர்க்கிட் பைத்தியம் பிடித்தது. வெப்ப நாட்டுச் செடிதானே என்று கண்ணாடி அறைகளை நெருப்பு மூட்டிச் சூடாக்கி, காற்றுப் போகாமல் அடைத்து வைத்தார்கள். குளிர்ந்த மலைக்காட்டில் இருந்து வந்த செடிகள் கூட அந்தப் புழுக்கத்தில் கிடந்து அழுகின. ஆயிரக்கணக்கில் வந்தன, ஆயிரக்கணக்கில் செத்தன. அவை தங்கட ஊரில் எப்படி வாழ்ந்தன என்று கேட்டுப் பார்த்தவர்கள் குறைவு.

டொக்டர் வோர்டின் போத்தல்

செத்தவை அவ்வளவு என்றால், வழியிலேயே செத்தவை அதைவிட அதிகம். மாதக்கணக்கான கப்பல் பயணம். உப்புக் காற்று, வெயில், குடிக்கிற தண்ணீருக்கே தட்டுப்பாடு. தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிற எங்களுக்குத் தெரியும், ஒரு சாமான் பழுதாகாமல் போய்ச் சேர்வது எவ்வளவு பாடு என்று. உயிருள்ள சாமான் என்றால் சொல்லவே வேண்டாம்.

இதற்கு வழி கண்டவர் கிழக்கு இலண்டனில் துறைமுகத்துக்குக் கிட்ட இருந்த நத்தானியேல் பாக்ஷோ வோர்ட் என்ற டொக்டர். செடி வளர்ப்பதில் அவருக்கு ஆசை. ஆனால் நிலக்கரிப் புகையில் அவருடைய பன்னச் செடிகள் எல்லாம் கருகிப் போயின. 1829இல் ஒரு விட்டிற்பூச்சியின் கூட்டுப்புழு எப்படிப் பூச்சியாகிறது என்று பார்க்க, அகன்ற வாய்ப் போத்தல் ஒன்றில் ஈரமண் போட்டு, அதற்குள் புழுவைப் புதைத்து மூடி வைத்தார். பகலில் மண்ணின் ஈரம் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்தது. பிறகு துளியாக இறங்கி மண்ணுக்கே திரும்பியது. பூச்சி வெளியே வருவதற்கு முன்பே ஒரு பன்னமும் ஒரு புல்லும் முளைத்துவிட்டன. ஒரு துளி தண்ணீர் ஊற்றாமல் கிட்டத்தட்ட 4 வருடம் அவை உயிரோடு இருந்தன. அவர் வீட்டில் இல்லாத நேரம் மூடி துருப்பிடித்து, மழைநீர் உள்ளே போனதால்தான் கடைசியில் செத்தன.

1833இல் வோர்ட் இரண்டு கண்ணாடிப் பெட்டிகளில் செடிகளை அடைத்து அவுஸ்திரேலியாவின் சிட்னிக்குக் கப்பலில் அனுப்பினார். செடிகள் உயிரோடு போய்ச் சேர்ந்தன. திரும்பி வரும்போது அதே பெட்டிகளில் அந்த நாட்டுச் செடிகள் வந்தன. வெயில், பனி எல்லாம் கடந்து 8 மாதப் பயணம். அவையும் பிழைத்தன. ஹக்னியில் ஓர்க்கிட் வளர்த்து விற்ற லொடிஜஸ் என்ற வியாபாரி, முன்பு 20 செடியில் 19 சாகும், இப்போது 20இல் 19 பிழைக்கிறது என்று சொன்னதாக வோர்ட் எழுதியிருக்கிறார்.

1842இல் வோர்ட் இதைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். புகை மூடிய நகரத்து ஏழைகளின் வீட்டிலும் இப்படி ஒரு பச்சை வளரலாம் என்று அதிலே எழுதினார். 1845இல் கண்ணாடி வரியை எடுத்துவிட்டதால் கண்ணாடியும் மலிந்தது. ஆனாலும் முதலில் அந்தப் பெட்டி அலங்காரப் பொருளாக வசதியானவர்களின் விருந்தறைக்குத்தான் போனது. இன்று கடையில் "டெராரியம்" என்று விற்கிற கண்ணாடித் தோட்டம் அதன் பேரப்பிள்ளைதான்.

எங்கள் தீவின் காட்டு ராஜா

அந்த விருந்தறைகளில் இலங்கைச் செடி ஒன்றும் இருந்தது. ஈரமான மலைக்காடுகளின் நிலத்தில் வளரும் சிறிய ஓர்க்கிட் அது. சிங்களத்தில் வனராஜ, அதாவது காட்டு ராஜா. பூ சின்னது. அழகெல்லாம் இலையில்தான். கரும்பட்டுத் துணியில் பொன் நூலால் வலை பின்னினது மாதிரி இருக்கும். இந்த இனத்துச் செடிகளை விக்டோரியா காலத்தவர்கள் மணி போன்ற கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து வளர்த்தார்கள். காட்டில் இருந்து அள்ளி அள்ளி, இன்று அது இலங்கையில் சட்டத்தால் பாதுகாக்கவேண்டிய நிலைக்கு வந்துவிட்டது.

பெட்டி இங்கேயிருந்து இலங்கைக்கும் போனது. 1876இல் பிரேசிலில் இருந்து ஹென்றி விக்கம் ஏறக்குறைய 70,000 றப்பர் விதைகளைக் கொண்டுவந்தார். அவற்றை இலண்டன் கியூ தோட்டத்தில் முளைக்க வைத்தார்கள். அதே வருடம் 1,919 கன்றுகள் 38 வோர்ட் பெட்டிகளில் இலங்கைக்கு ஏற்றப்பட்டு, கம்பஹாவில் ஹெனரத்கொடத் தோட்டத்தில் நடப்பட்டன. அடுத்த வருடம் 22 கன்றுகள் சிங்கப்பூருக்குப் போயின. இலங்கையிலும் மலாயாவிலும் றப்பர்த் தோட்டங்கள் இப்படித்தான் தொடங்கின.

அந்தத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெருந்தொகையானோர் தமிழர்கள். இதை நினைத்துப் பாருங்கோ. றப்பர்க் கன்றுக்குக் கண்ணாடிப் பெட்டி, ஈரமண், மேல்தட்டில் வெளிச்சமான இடம். அதற்கு முன்பு கோப்பித் தோட்டத்துக்கு ஆள் எடுத்த காலத்தில், தமிழ்நாட்டில் இருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். கொலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். தப்பியவர்களின் பேரப்பிள்ளைகளின் குடியுரிமையை 1948இல் பறித்தார்கள். செடி சாகாமல் இருக்க என்ன வேண்டும் என்று அவ்வளவு யோசித்த அந்தக் காலம், மனிதருக்கு அதை யோசிக்கவில்லை.

மரத்தை வெட்டிய மோகம்

செடி பிழைக்கிறது என்று தெரிந்ததும் வேட்டை கூடியது. இங்கிலாந்து வியாபாரிகள் தென் அமெரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் ஆட்களை அனுப்பினார்கள். அல்பேர்ட் மிலிகன் என்பவர் 1891இல் வெளியிட்ட புத்தகத்தில், கொலம்பியாவில் 10,000 செடி எடுப்பதற்காக ஏறக்குறைய 4,000 மரங்களைத் தறித்ததாக அவரே எழுதியிருக்கிறார். ஏலத்தில் அருமையான ஒரு செடி நூற்றுக்கணக்கான கினிக்கு விலை போன காலம் அது.

இந்த வேட்டையைக் குறைத்ததில் விஞ்ஞானத்துக்குப் பெரிய பங்கு. ஓர்க்கிட் விதை தூசி மாதிரி. அதற்குள் சேமித்த உணவு இல்லை. காட்டில் ஒரு பங்கசு அதற்கு உணவு கொடுத்து முளைக்க வைக்கிறது என்று 1899இல் பிரான்சில் நொவெல் பெர்னார் கண்டுபிடித்தார். 1922இல் அமெரிக்காவில் லூயிஸ் நட்சன், பங்கசு இல்லாமலே சீனி கலந்த அகர் கூழில், கண்ணாடிக் குடுவைக்குள், விதை முளைக்கும் என்று காட்டினார். 1960இல் பிரான்சின் ஜோர்ஜ் மொரெல், குருத்தின் நுனியில் இருந்து ஒரேமாதிரியான பல செடிகளை உண்டாக்கும் வழியைச் சொன்னார். திரும்பவும் ஒரு கண்ணாடிப் போத்தல்தான்! இன்று நெதர்லாந்திலும் தாய்வானிலும் கோடிக்கணக்கில் வளர்ப்பதும், எங்களுக்கு மலிவாகக் கிடைப்பதும் இதனால்தான்.

எங்கள் யன்னலில்

"வாங்கினன், பூக் கொட்டினதும் செத்துப் போச்சு" என்று பலர் சொல்லுவினம். கடையில் அதிகம் விற்பது ஃபலனொப்சிஸ் என்ற வகை. அது பிறந்த இடத்தை நினைத்தால் வளர்ப்பது சுகம். சாதாரண மண் போடவேண்டாம். மரப்பட்டைத் துண்டுகளில் வையுங்கோ. காலை வெயில் படுகிற கிழக்கு யன்னல் நல்லது. ஹீட்டருக்கு மேலே வைக்கக் கூடாது. வேர் பச்சையாக இருந்தால் ஈரம் இருக்கிறது, சாம்பல் நிறமானால் தண்ணீர் வேண்டும். சாடியைப் பத்து நிமிடம் தண்ணீரில் வைத்து எடுத்து, நன்றாக வடியவிட வேண்டும். இலைகளின் நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கினால் அழுகும். இலையுதிர் காலத்தில் இரவு கொஞ்சம் குளிரட்டும். அந்தக் குளிர்தான் புதுப் பூந்தண்டை வரச் செய்யும்.

கண்ணாடித் தோட்டம் செய்ய ஆசைப்படுபவர்கள் இந்தச் செடியை மூடிய பெட்டிக்குள் வைக்கவேண்டாம், காற்றில்லாமல் அழுகிவிடும். அதற்கு ஏற்றது லுடிசியா. வனராஜ மாதிரியே இலையழகு உள்ள சிறிய ஓர்க்கிட் அது. ஈரமும் மங்கிய வெளிச்சமும் அதற்குப் பிடிக்கும்.

ஒன்று மட்டும் மறக்கவேண்டாம். ஊருக்குப் போகிறவர்கள் ஆசைக்கு என்று காட்டுச் செடியைப் பிடுங்கிப் பையில் வைத்துக் கொண்டு வரக்கூடாது. 1975இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச உடன்படிக்கையின்படி, அனுமதிப் பத்திரம் இல்லாமல் ஓர்க்கிட்டை நாடு விட்டு நாடு கொண்டு போவது குற்றம். இலங்கையின் மலைக்காடுகளில் மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான். அதுவாவது அந்த மரத்தடியிலேயே இருக்கட்டும்.

வேற்று நாட்டில் ஓர் உயிர் பிழைக்க, மூடிக் காக்கிற பெட்டி வழிப் பயணத்துக்குத்தான் உதவும். வந்து சேர்ந்த பிறகு வேண்டியது, அது எப்படி வாழ்ந்தது என்று விளங்கிக்கொள்கிற ஆட்கள். இதை அறிய இந்த நாட்டாருக்கு நூறு வருடம் பிடித்தது. எங்கட பிள்ளைகள் கேட்டால் யன்னலில் இருக்கிற சாடியைக் காட்டி இந்தக் கதையைச் சொல்லுங்கோ.

எல்லோருக்கும் இனிய சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள்.