சொல்லத் தயங்கும் ஒரு துயரின் வரலாறு

மாத்தளை நகரிலிருந்து வடக்கே தம்புள்ளை நோக்கிச் செல்லும் ஏ-9 வீதியில் அமைந்துள்ள சிற்றூர் பலாபத்வல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கிய தென்னிந்தியத் தொழிலாளர்கள், காட்டு வழியே கால்நடையாக மாத்தளையை வந்தடைந்தது இவ்வழியாகத்தான். வழியில் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் மாண்டவர்களைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. வந்து சேர்ந்தவர்களின் சந்ததியினர் முதுமையாலோ பக்கவாதத்தாலோ படுக்கையில் விழுந்தபின் எவ்வாறு நாட்களைக் கழித்தனர் என்பது பற்றி எழுதப்பட்டவை மிகக் குறைவு.

நடமாட முடியாத ஒருவரின் முதற் கவலை உணவன்று; சிறுநீரும் மலமுமே. நீண்ட காலம் பத்திரிகைத் துறையில் இருந்தவன் என்ற வகையில் ஒன்றைச் சொல்ல முடியும். மரண அறிவித்தல்களிலும் அஞ்சலிக் கட்டுரைகளிலும் "நீண்டகாலம் நோய்வாய்ப்பட்டிருந்த" என்ற தொடர் அடிக்கடி இடம்பெறும். அத்தொடருக்குள் நனைந்த பாய்களும், இரவில் பலமுறை எழுந்த ஒரு மகளோ மருமகளோ, வெட்கத்தால் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திக்கொண்ட ஒரு முதியவரும் மறைந்திருப்பர். நாம் பேசத் தயங்கும் இவ்விடயத்துக்கு நெடிய வரலாறு ஒன்று உண்டு.

1862 ஆம் ஆண்டில் எகிப்தின் லக்சோரில் எட்வின் ஸ்மித் என்பவர் வாங்கிய பப்பிரசுச் சுருள், கி.மு. 1600 அளவில் எழுதப்பட்டது. கழுத்து முள்ளெலும்பு விலகி, கைகால்கள் செயலிழந்து, தன்னையறியாமல் சிறுநீர் சொட்டும் நோயாளியை அது விவரிக்கிறது. அந்நோய்க்குச் சிகிச்சையில்லை என்று கூறி முடித்துவிடுகிறது. நமது சுசுருத சங்கிதையோ, நெய் தடவிய குழாய்களைச் சிறுநீர்ப் பாதையில் செலுத்தும் முறையைக் கூறுகிறது. சிறுநீரை வெளியேற்றும் வழியை மனிதர் மிகப் பழங்காலத்திலேயே தேடியிருக்கின்றனர். எனினும் முள்ளந்தண்டு முறிந்தவரை நெடுநாள் வாழவைக்கும் வழி பிடிபட ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சென்றன.

முதலாம் உலகப் போரில் முள்ளந்தண்டில் காயமுற்ற படைவீரர்களுள் பெரும்பாலானோர் சில வாரங்களிலோ மாதங்களிலோ மாண்டனர். பலரைக் கொன்றது குண்டன்று. சிறுநீர்த் தொற்றும் படுக்கைப் புண்ணுமே. 1930களில் அமெரிக்க மருத்துவர் பிரெடெரிக் ஃபோலி, முனையில் சிறு பலூன் கொண்ட இறப்பர்க் குழாயை உருவாக்கினார். உள்ளே சென்றதும் பலூனில் நீரேற்றினால் குழாய் நழுவாது. இன்றும் நமது வைத்தியசாலை வாட்டுகளில் நோயாளியின் கட்டிலோரம் தொங்கும் சிறுநீர்ப் பை இக்குழாயுடன் இணைந்ததே. ஆயினும் குழாய் உள்ளே நிலைத்திருக்கும் நாட்கள் கூடக்கூடத் தொற்றும் கூடும் என்பது இதன் குறை.

திருப்புமுனை 1944 பெப்ரவரியில் நேர்ந்தது. நாசி ஜெர்மனியிலிருந்து 1939 இல் தப்பிவந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மன், இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டெவில் மருத்துவமனையில் முள்ளந்தண்டுப் பிரிவொன்றைத் தொடங்கினார். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கவேண்டும். குழாயை நிலையாக வைக்காது வேளைக்கு வேளை செலுத்தி எடுக்கவேண்டும். சிற்றூழியரிடம் விடாது மருத்துவரே அதனைச் செய்யவேண்டும் என்பன அவரது கண்டிப்பான விதிகள். சாவதற்கெனக் கிடத்தப்பட்டவர்கள் எழுந்து உட்கார்ந்தனர். 1948 இல் அங்கு நடந்த வில்வித்தைப் போட்டியே இன்றைய பராலிம்பிக்கின் தொடக்கம். சிறுநீர்ப்பை கட்டுக்குள் வந்த பின்னரே அவர்கள் வில்லை எடுக்க முடிந்தது என்பதை விளையாட்டு வரலாறுகள் சொல்வது அரிது.

தமிழகத்தில் இவ்வரலாற்றின் நாயகி டாக்டர் மேரி வர்கீஸ். கொச்சியில் பிறந்து வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற அவர், 1954 ஜனவரியில் வாகன விபத்தில் சிக்கி இரு கால்களும் செயலிழந்தார். பின்னர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். நியூயோர்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, அதற்கென வேலூரில் தொடங்கிய துறைக்குத் தலைமை தாங்கினார். 1966 இல் அங்கு மறுவாழ்வு நிலையமும் எழுந்தது. முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவரின் வாழ்வை உள்ளிருந்து அறிந்த ஒருவரே அத்துறையின் தலைவராக இருந்தமை குறிப்பிடத்தக்கது.

எளியவருக்கு உதவிய அடுத்த மாற்றம் 1972 இல் வந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாக் லபிடெஸ், கிருமி முற்றாக நீக்கிய கருவியும் கையுறையும் இல்லாமலே, சோப்பால் கழுவிய கையாலும் சுத்தமான குழாயாலும் நோயாளி தாமே சிறுநீரை வெளியேற்றலாம் எனக் காட்டினார். சிறுநீர்ப்பை அளவுக்கு மீறி விரிந்து நிற்பதே தொற்றுக்குப் பெருங்காரணம் என்பது அவரது வாதம். முதலில் எதிர்ப்பு எழுந்தது. இன்று நான்கு முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இவ்வாறு செய்வது உலகெங்கும் வழமையாகிவிட்டது.

பலாபத்வலயைக் கடக்கும் அதே ஏ-9 வீதியில் வடக்கே சென்றால் மாங்குளம் வரும். போரில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களின் 'உயிரிழை' அமைப்பு அங்குதான் இயங்கத் தொடங்கியது. ஷெல் துண்டுக்குத் தப்பியவர் சிறுநீரகம் கெட்டு இறப்பதைக் கண்டவர்கள் அவர்கள். தென்புறத்தில் ராகமையிலும் திகணையிலும் அரச மறுவாழ்வு வைத்தியசாலைகள் உள்ளன.

தோட்ட லயத்தில் பக்கவாதத்தால் விழுந்த ஒரு பாட்டிக்கு இவையெல்லாம் தொலைவானவை. ஒற்றை அறையும் வெளியே படியிறங்கிச் செல்லவேண்டிய மலகூடமும் கொண்ட லயங்கள் இன்னும் இருக்கின்றன. அடக்க முடியாமையன்று, அடைய முடியாமையே அங்கு பலரது நோய். கட்டிலருகே ஒரு கொமோட் நாற்காலியோ சிறுநீர்ப் போத்தலோ இருந்தால் பாதிச் சிக்கல் தீரும். இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை கேட்டு இருத்திவிடுவது, மலச்சிக்கலைத் தீர்ப்பது, ஈரத்தைத் துடைத்துத் தோலை உலர்த்துவது ஆகியவற்றுக்குப் பெருஞ்செலவில்லை. மருத்துவர் தடை விதித்தாலன்றித் தண்ணீரைக் குறைப்பது தவறு. செறிந்த சிறுநீர் பையை எரித்து நிலைமையை மோசமாக்கும். திடீரெனத் தொடங்கும் கசிவுக்குத் தொற்றோ நீரிழிவோ காரணமாயிருக்கலாம். முதுமை என்று ஒதுக்காமல் வைத்தியரிடம் காட்டவேண்டும்.

2012 குடிசனமதிப்பீட்டில் நம் நாட்டவரில் 12.4 சதவீதத்தினர் அறுபது வயதைக் கடந்தோர். அதன்பின் அப்பங்கு மேலும் கூடியுள்ளது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்கென 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டமும், முதியோருக்கென 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டமும் உள்ளன. 2022 பொருளாதார நெருக்கடியில் இறக்குமதிப் பொருட்களின் விலை ஏறியபோது, பெரியவர்களுக்கான 'பம்பர்ஸ்' வாங்க முடியாமல் பழைய சேலைத் துணிக்குத் திரும்பிய வீடுகள் பல. அத்துணியைத் துவைப்பவர்கள் அனேகமாகப் பெண்களே. அவர்களது உழைப்பு எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

மருந்துச் சீட்டு எழுதும் வைத்தியரும், வீடு தேடிவரும் குடும்பநல உத்தியோகத்தரும், தோட்ட நிருவாகமும் படுக்கையில் இருப்பவரிடம் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்கவேண்டும்: "சிறுநீர், மலம் கழிக்க என்ன செய்கிறீர்கள்?" கூச்சமின்றி அதனைக் கேட்டால், விடைகளில் பல அந்த வீட்டுக்குள்ளேயே கிடைக்கும்.