இரண்டு முறை உருகிய படிகம்

1888-ம் வருடம், மார்ச் 14. அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசைச் சேர்ந்த பிராக் நகரம். ஃப்ரெட்ரிக் ரைனிட்சர் என்கிற தாவரவியல் ஆராய்ச்சியாளர் ஒரு கடிதம் எழுதி முடிக்கிறார். மொத்தம் 16 பக்கம்! காதல் கடிதம் என்று நினைத்துவிட வேண்டாம். பெறுநர், ஜெர்மனியின் ஆஹன் நகரில் இருந்த ஓட்டோ லேமன். அவர் ஒரு இயற்பியலாளர். விஷயம்... கேரட்!

கேரட்டில் உள்ள கொலஸ்ட்ரால் போன்ற ஒரு பொருளை ரைனிட்சர் ஆராய்ந்துகொண்டிருந்தார். கொலஸ்ட்ராலின் சரியான வாய்பாட்டைக் கண்டுபிடிப்பதுதான் நோக்கம். அதற்காக அதிலிருந்து 'கொலஸ்டெரில் பென்ஸோயேட்' என்ற வெள்ளைப் படிகத்தைத் தயாரித்தார். ஒரு பொருள் சுத்தமானதா என்று பார்க்க அன்றைக்கு வேதியியலாளர்கள் வழக்கமாகச் செய்கிற சோதனை, அதை உருக்கிப் பார்ப்பது. சுத்தமான பொருள் என்றால் ஒரே ஒரு உருகுநிலைதான் இருக்க வேண்டும். ஐஸ் கட்டி ஜீரோ டிகிரியில் உருகித் தண்ணீராகிறது, கதை முடிந்தது. மறுபடி ஒருமுறை 'உருகுமா' என்ன?

ரைனிட்சரின் படிகம் உருகியது! 145.5 டிகிரி செல்சியஸில் உருகிக் கலங்கலான திரவமாயிற்று, பால் மாதிரி. விடாமல் சூடேற்றினார். 178.5 டிகிரியில் அந்தக் கலங்கல் சட்டென்று மறைந்து தெளிந்துவிட்டது.

ஆறவிட்டபோது இன்னொரு வேடிக்கை. தெளிந்த திரவத்தில் ஊதாவும் நீலமுமாக நிறங்கள் ஓடின. கொஞ்ச நேரத்தில் மறைந்தன. மறுபடி பால் கலங்கல். இன்னும் ஆறியதும் மறுபடி ஊதா, நீலம். கடைசியில் ஒன்றுமே நடக்காத மாதிரி வெள்ளைப் படிகமாக உட்கார்ந்துகொண்டது!

இந்த நிறங்களை முதலில் பார்த்தவர் ரைனிட்சர் இல்லை. கொலஸ்ட்ரால் சேர்மங்களில் இப்படி நிறம் வருவதை 1861-லேயே பிளானர் என்பவர் கவனித்திருக்கிறார். அவருக்குப் பிறகும் சிலர் பார்த்தார்கள், குறித்துவைத்தார்கள், அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். 'ஏதோ அழுக்கு கலந்திருக்கு' என்று ரைனிட்சரும் தள்ளிவிட்டிருக்கலாம். மனுஷர் தள்ளவில்லை. திரும்பத் திரும்பச் சுத்தப்படுத்திப் பார்த்தார். அப்போதும் இரண்டு உருகுநிலை! 'இது என் சக்திக்கு மேற்பட்ட விஷயம்' என்று புரிந்ததும், கௌரவம் பார்க்காமல் 16 பக்கம் எழுதி, கூடவே மாதிரியையும் அனுப்பிவைத்தார்.

லேமனுக்கு ஏன்? சூடாக்கிக்கொண்டே படிகங்களைப் பார்க்கிற ஒரு விசேஷ மைக்ராஸ்கோப்பை அவர் தானே வடிவமைத்து வைத்திருந்தார். அந்தக் கலங்கலை அதன் கீழே வைத்துப் பார்த்தவர் அசந்துபோனார். திரவம் மாதிரி ஓடுகிறது. ஆனால், ஒளியைப் படிகம் மாதிரி கையாள்கிறது! திடமா, திரவமா? 1889-ல் லேமன் எழுதிய கட்டுரையின் தலைப்பே 'ஓடும் படிகங்கள்' என்பதுதான்.

படிகம் என்றாலே கல் மாதிரி அசையாமல் கிடப்பது என்று நம்பியிருந்த உலகம் இதை ஏற்குமா? குஸ்தாவ் டாமன் என்ற பெரிய வேதியியலாளர் 'அது வெறும் கலவை' என்று அடித்துச் சொன்னார். அதாவது, மோரில் வெண்ணெய்த் துளிகள் மிதக்கிற மாதிரி ஒன்றுக்குள் ஒன்று மிதப்பதால் வருகிற கலங்கல்! சண்டை வருடக்கணக்கில் நடந்தது. இதற்குள் 'திரவப் படிகம்' என்றாலே லேமன் என்று ஆகிவிட, முதல் கடிதம் எழுதியவர் மெதுவாக மறக்கப்பட்டார். ரைனிட்சருக்கு வருத்தம் இருக்காதா? 1908-ல் 'திரவப் படிகங்களின் வரலாறு' பற்றிக் குறிப்பு எழுதி, தன் பங்கைப் பதிவு செய்தார்.

சரி, அந்த ஊதாவும் நீலமும் எங்கிருந்து வந்தன? அதில் சாயம் எதுவும் கிடையாது. மூலக்கூறுகள் தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கின்றன. ஒவ்வொரு தட்டும் கீழே உள்ளதைவிடக் கொஞ்சம் திரும்பி நிற்கிறது, சுழல் படிக்கட்டு மாதிரி. ஒரு முழுச்சுற்றின் உயரம் எந்த நிறத்தின் அலைநீளத்துக்குப் பொருந்துகிறதோ, அந்த நிறத்தைத் திருப்பியனுப்புகிறது. சூடு மாறினால் படிக்கட்டு இறுகும் அல்லது தளரும், நிறமும் மாறிவிடும். மயிலிறகின் நீலம்கூடச் சாயம் இல்லை, நுண்ணிய அமைப்பு ஒளியோடு விளையாடுகிற வித்தைதான்.

லேமன் 1922-ல் இறந்தார். நோபல் பரிசுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் கிடைக்கவில்லை. இந்தத் துறையின் இன்னொரு ஜாம்பவான் டேனியல் ஃபோர்லேண்டர், 1924-ல் இதற்குத் தொழில்துறைப் பயன் ஏதும் தென்படவில்லை என்றே எழுதினார். 1927-ல் ரைனிட்சரும் போய்ச் சேர்ந்தார்.

பிறகு? அமெரிக்காவில் ஜேம்ஸ் ஃபெர்கசன் இந்த நிறமாற்றத்தை வைத்தே வெப்பத்தை அளக்க வழி செய்தார். 1968-ல் ஆர்.சி.ஏ. நிறுவனம் திரவப் படிகத் திரையை உலகுக்குக் காட்டியது. கால்குலேட்டர், கைக்கடிகாரம், டி.வி. என்று எல்லாம் வரிசையாக வந்தன. 1977-ல் பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிலையத்தில், சர் சி.வி.ராமனின் சகோதரி மகனான எஸ்.சந்திரசேகர் தன் சகாக்களோடு புது ரகம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதுவரை தெரிந்த திரவப் படிக மூலக்கூறுகள் குச்சி வடிவம். இவர்களுடையது காசு மாதிரித் தட்டை! திரவப் படிக ஆராய்ச்சியைக் கௌரவித்த நோபல் பரிசு 1991-ல் பிரான்ஸின் டி ஜென்னுக்குப் போனது. ரைனிட்சர் கடிதம் எழுதி 103 வருடம் ஆகியிருந்தது.

குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியில் ஒட்டிப் பார்க்கிற பிளாஸ்டிக் பட்டையைப் பார்த்திருப்பீர்கள். சூட்டுக்கேற்ப ஒவ்வொரு எண்ணாக நிறம் மாறி மின்னுமே... பிராக் நகரத்தில் ஒரு மனுஷர் 'அழுக்கு' என்று கழுவிக் கொட்டாமல் விட்ட அதே வித்தைதான் அது!