பதினான்கு கோப்பும் ஒரு கட்டும்



2010ஆம் ஆண்டில் ஓர் இரவு, ஊரிலிருந்து ஓர் அம்மா நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தார். "தம்பி, அண்ணரின்ட மரண அறிவித்தல் உங்கட பக்கத்தில கிடக்காம். காலமையில இருந்து பாக்கிறம், வெறும் வெள்ளையாத்தான் இருக்குது." அவருடைய தமையனார் இங்கே காலமாகியிருந்தார். இங்கே உடனே திறந்த பக்கம் அங்கே திறக்கவில்லை. அறிவித்தலைத் தொலைபேசியிலேயே வாசித்துக் காட்டினேன்.

காரணத்தை எங்கள் இளம் தொண்டர் ஒருவர் கண்டுபிடித்தார். எழுத்தின் அளவு, நிறம், அமைப்பு ஆகியவற்றைச் சொல்லும் ஸ்டைல்ஷீட் கோப்புகள் எங்கள் தளத்தில் பதினான்கு இருந்தன. அவை வந்து சேரும்வரை உலாவி பொதுவாகப் பக்கத்தை வரையாது. அதனால்தான் அந்த வெள்ளைத் திரை.

இந்த ஸ்டைல்ஷீட் முறையை நோர்வேக்காரரான ஹோக்கன் வியூம் லீ, சேர்ன் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது 1994 அக்டோபரில் முன்மொழிந்தார். 1996 டிசம்பரில் அது இணையத்தின் பொது விதியாயிற்று. ஆனால் 1999இல் வந்த எச்.டி.டி.பி. 1.1 விதியோ, உலாவி ஒரு வழங்கியோடு ஒரே நேரத்தில் இரண்டு இணைப்புகளுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்றது. கோப்புகள் கூடக்கூட வரிசையும் நீண்டது. பின்னர் உலாவிகள் இந்த எண்ணிக்கையைக் கூட்டின. ஆனால் மெதுவான இணைப்பில் ஒவ்வொரு போய்வரலுக்கும் நேரம் பிடித்தது.

யாஹூவில் பணியாற்றிய ஸ்டீவ் சவுடர்ஸ் 2007இல் எழுதிய நூலில், கோரிக்கைகளைக் குறையுங்கள் என்பதையே முதல் விதியாக வைத்தார். பத்துக் கடிதத்தைத் தனித்தனியே அனுப்பாமல் ஒரே பொதியாகக் கட்டுவது போலத்தான். இந்தக் கட்டும் வேலையை 2011இல் ரெயில்ஸ் 3.1உம், 2012இல் ஏ.எஸ்.பி. டொட் நெட் 4.5உம் தம்முள்ளேயே கொண்டுவந்தன. வழங்கியில் இருக்கும் இடைநிலை மென்பொருள் கோப்புகளை வரிசைப்படி சேர்க்கும். வெற்றிடங்களையும் குறிப்புரைகளையும் நீக்கும். உள்ளடக்கத்திலிருந்து கணித்த ஓர் அடையாளத்தை முகவரியில் இணைத்து அனுப்பும். உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் அந்த அடையாளம் மாறும். உலாவியும் பழைய பிரதியை விட்டுப் புதியதை எடுக்கும்.

வரிசை முக்கியம். ஒரே தரத்து விதிகள் மோதினால் பின்னால் வருவதே வெல்லும். நாங்கள் முதலில் அகரவரிசையில் கட்டினோம். அறிவித்தல் பக்கத்து எழுத்தெல்லாம் எறும்பளவு ஆயிற்று. அவசரத்தில் நான் கட்டப்பட்ட கோப்பையே திருத்தினேன். அடுத்த முறை மென்பொருள் அதைப் புதிதாகக் கட்டியபோது என் திருத்தம் காணாமற் போயிற்று. கணக்காளனான எனக்கு இது வெட்கம். சுருக்கக் கணக்கில் பிழை கண்டால் அடிப்பதிவைத்தானே திருத்துவோம்! மூலக்கோப்பு நாம் வாசிக்க, கட்டு பயணம் போக.

2015இல் வந்த எச்.டி.டி.பி. 2 ஒரே இணைப்பில் பல கோப்புகளை ஒருங்கே அனுப்ப வழி செய்தது. கட்டவேண்டிய தேவை குறைந்தது. ஆனால் முற்றாக நீங்கவில்லை.

மூலக்கோப்புகளை ஒழுங்காக அடுக்கிக் கட்டிய பின்னர், அந்த அம்மாவைத் தொலைபேசியில் அழைத்துத் திறந்து பார்க்கச் சொன்னேன். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "அண்ணரின்ட படம் தெரியுது தம்பி" என்றார்.