ஒரு மொழி, இரு சந்தைகள்: கொல்கத்தாவும் டாக்காவும்

பிப்ரவரி முதல் வாரத்தில் கொல்கத்தா புத்தகக் காட்சி நிறைவை நெருங்கிக்கொண்டிருக்கும். டாக்காவின் ஏகுஷே புத்தகச் சந்தை அப்போதுதான் தொடங்கியிருக்கும். இரண்டுக்கும் இடையே விமானத்தில் ஒரு மணி நேரத் தொலைவு, ஓர் எல்லைக் கோடு. தாகூர் இருவருக்கும் பொது. நஸ்ருல் இருவருக்கும் பொது. ஒப்பிடுவோர் பெரும்பாலும் கூட்டத்தையும் விற்பனையையும்தான் எண்ணிப் பார்க்கிறார்கள். அந்தக் கணக்கில் இரண்டும் ஒன்றுக்கொன்று போட்டியாளர்களாகத் தெரியும். பிறப்பிலிருந்து பார்த்தாலோ, ஒன்றின் கதை மற்றொன்றின் வீட்டுக்குள் போய் முடிகிறது. அந்த வழியாகவே நாம் போய்ப் பார்க்கலாம்.

கொல்கத்தாவின் பிறப்பு வணிகத்தில். பதிப்பாளர், விற்பனையாளர்களின் கில்டு 1975-இல் அமைந்தது. அடுத்த ஆண்டு மார்ச் 5 அன்று விக்டோரியா நினைவகத்துக்கு எதிரே 34 பதிப்பகங்கள் 56 அரங்குகள் அமைத்தன. நுழைவுக் கட்டணம் 50 காசு. பிராங்க்பர்ட் சந்தையே முன்மாதிரி. ஆனால் பிராங்க்பர்ட்டில் பதிப்பாளர் பதிப்பாளரோடு உரிமை பேசுகிறார். கொல்கத்தாவில் பதிப்பாளர் வாசகரின் எதிரே நேராக வந்து நின்றார். கடன் வாங்கிய வடிவம் வந்த வேகத்திலேயே உள்ளூர் இயல்பைப் பெற்றுவிட்டது. மறு ஆண்டு, 1977-இல், சென்னையிலும் பதிப்பாளர், விற்பனையாளர் சங்கம்தான் நம் புத்தகக் காட்சியைத் தொடங்கியது என்பதால், தமிழ் வாசகருக்கு இந்தப் பிறப்பு எளிதில் விளங்கும்.

டாக்காவின் பிறப்பு துக்கத்தில். 1952 பிப்ரவரி 21 அன்று வங்க மொழிக்கு உரிமை கேட்ட மாணவர்கள் மீது போலீஸ் சுட்டது. ‘ஏகுஷே’, அதாவது இருபத்தொன்று, என்று அந்த நாளின் பெயரைத் தாங்கிய சந்தைக்குப் பிப்ரவரியே இயல்பான மாதம். தொடக்கமும் ஒரு சங்கத்தின் தீர்மானத்தால் வரவில்லை. 1972 பிப்ரவரி 8 அன்று, பாகிஸ்தான் படை சரணடைந்து இரண்டு மாதம்கூட நிறையாத நிலையில், சித்தரஞ்சன் சாஹா என்ற பதிப்பாளர் பாங்ளா அகாதமி வளாகத்து ஆலமரத்தடியில் கோணியை விரித்து 32 நூல்களை அடுக்கி வைத்தார். அங்கே டிக்கெட்டும் இல்லை, திறப்பு விழாவும் இல்லை. சில ஆண்டுகள் ஏறக்குறைய தனி ஆளாகவே அதைத் தொடர்ந்தார். 1978-இல் அகாதமி அதை ஏற்றுக்கொண்டது. 1984-இல் ஏகுஷே என்ற பெயர் நிலைபெற்றது.

ஒன்று சங்கம், மற்றொன்று தனி மனிதர். ஒன்று சந்தை, மற்றொன்று நினைவேந்தல். இந்த எதிர்நிலை பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் அந்த 32 நூல்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டதும் அது நிலைகுலைகிறது. 1971 போரின்போது சாஹா அகதியாகக் கொல்கத்தாவில் இருந்தார். தம்மைப் போலவே எல்லை தாண்டி வந்திருந்த எழுத்தாளர்களின் நூல்களை அங்கேயே அச்சிட்டார். முக்ததாரா பதிப்பகம் அப்படித்தான் வளர்ந்தது. வங்கதேசத்தின் மிகப் பெரிய தேசியப் பண்பாட்டு விழாவின் முதல் நூல்கள் கொல்கத்தாவின் அச்சகங்களில் பிறந்தவை. அவை எழுதப்பட்டது அகதி வாழ்வில். விற்கப்பட்டது விடுதலை பெற்ற மண்ணில். கொல்கத்தா தன் சொந்தக் காட்சியை நடத்துவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே டாக்காவின் சந்தைக்குச் சரக்கு கொடுத்துவிட்டது. இரு சந்தைகளில் எது மூத்தது என்ற வாதம் இதன்பின் பொருளற்றுப் போகிறது.

இடத்தைப் பார்த்தால் வேறுபாடு மறுபடி கூர்மையாகிறது. டாக்கா சந்தை பிறந்த வளாகத்தின் நடுவே பர்துவான் மாளிகை நிற்கிறது. 1952-இல் மாகாண முதலமைச்சர் நூருல் அமீன் குடியிருந்தது இங்கேதான்; துப்பாக்கிச் சூடு அவருடைய ஆட்சியில் நடந்தது. 1954 தேர்தலில் அவரை எதிர்த்த ஐக்கிய முன்னணி தன் 21 அம்சத் திட்டத்தில், இந்த மாளிகையை வங்க மொழி ஆய்வுக்கு ஒதுக்குவோம் என்றே வாக்குறுதி கொடுத்தது. வென்றது, 1955 டிசம்பரில் பாங்ளா அகாதமி அங்கே குடியேறியது. மொழியை மறுத்த வீட்டு வாசலில் அம்மொழியின் நூல்கள் விலைபோகின்றன. 2014-இல் இடம் போதாமல் சந்தை சாலையைத் தாண்டி சுஹ்ராவர்தி உத்யானுக்குள் விரிந்தபோதும் அது வெறும் காலி நிலத்துக்குப் போகவில்லை. 1971 மார்ச் 7 அன்று முஜிபுர் ரஹ்மான் பேசியதும், டிசம்பர் 16 அன்று பாகிஸ்தான் தளபதி சரணடைந்து கையெழுத்திட்டதும் அந்தத் திடலில்தான்.

கொல்கத்தாவுக்கு இப்படி ஒரு மண் வாய்க்கவில்லை. வாய்த்ததும் கைநழுவிப் போனது. முப்பது ஆண்டுகள் மைதானம்தான் அதன் முகவரி. குளிர்கால மாலை, கால்களால் கிளறப்பட்டு விளக்கொளியில் மிதக்கும் புழுதி, அதற்குள் நீளும் வரிசைகள் என்பதே ஒரு தலைமுறைக்குப் புத்தகக் காட்சி. அந்தப் புழுதியே வழக்குக்கும் காரணமானது. நகரின் பெரும் பசுந்திடலைக் காக்கச் சூழலியலாளர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். 2007-இல் மைதானம் மூடப்பட்டது. அந்த ஆண்டு சால்ட் லேக் விளையாட்டரங்கம். 2008-இல் பார்க் சர்க்கஸ் திடல் தயாரான நிலையில் கடைசி நேரத்தில் தடை. 2009 முதல் மிலன் மேளா வளாகம். 2018 முதல் சால்ட் லேக் சென்ட்ரல் பார்க். நீதிமன்றத்தின் பக்கம் நியாயம் இருந்தது என்றே நான் கருதுகிறேன். அதே சமயம், பன்னிரண்டு ஆண்டுக்குள் மூன்று இடம் மாறியும் வாசகர்கள் பின்தொடர்ந்து வந்தார்கள் என்பது கொல்கத்தாவின் தனிச் சிறப்பு. டாக்காவின் சந்தையை இப்படிப் பெயர்த்து நட முடியாது. அதன் பொருளில் பாதி அந்த மண்ணில் இருக்கிறது.

மண்ணோடு பிணைந்ததற்கு ஒரு விலையும் உண்டு. பாங்ளா அகாதமி அரசு நிறுவனம். யாருக்கு அரங்கு, யாருக்கு இல்லை என்பதை அதுவே முடிவு செய்கிறது. 2015-இல் ஈரானிய அறிஞர் அலி தஷ்தியின் நூலை மொழிபெயர்த்து வெளியிட்ட ஒரு பதிப்பகத்தின் அரங்கை அகாதமியே மூடியது. கொல்கத்தாவின் கில்டு வணிகர்களின் அமைப்பு என்பதால் அரசின் கை அங்கே எட்டாது என்று நினைக்கத் தோன்றும். அது சரியா என்பதைச் சற்றுப் பின்னர் பார்ப்போம்.

யாரை வரவேற்பது என்பதில் இரண்டும் நேர் எதிர்த் திசையில் நடந்திருக்கின்றன. கொல்கத்தா உலகை அழைக்கிறது. ஆண்டுக்கொரு நாடு சிறப்பு விருந்தாளி; 1997-இல் பிரான்ஸ் வந்தபோது தொடக்க விழாவில் ழாக் தெரிதா பேசினார். ஆங்கில நூல்கள், ஹிந்தி நூல்கள், பிற இந்திய மொழி நூல்கள் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. டாக்கா கதவைச் சாத்திக்கொள்கிறது. அங்கே வங்கதேசப் பதிப்பாளர்களுக்கு மட்டுமே அனுமதி. கொல்கத்தாவில் அச்சான வங்க நூலுக்கும் அனுமதி இல்லை. சாஹாவின் 32 நூல்களை இன்றைய விதிப்படி அளந்தால் என்ன ஆகும் என்ற எண்ணத்தை என்னால் தவிர்க்க முடியவில்லை.

ஆயினும் டாக்காவைக் குறுகிய மனம் என்று எளிதில் சொல்லிவிடலாகாது. கொல்கத்தாவின் புத்தகத் தெருவான கல்லூரிச் சாலையின் பெரும் பதிப்பகங்கள் 1972-இல் வலுவாக வேரூன்றியிருந்தன. டாக்காவின் பதிப்பகப் பகுதியான பங்களாபஜார் அப்போதுதான் நிமிர்ந்தது. திறந்த சந்தையில் கொல்கத்தாவின் நட்சத்திர நாவலாசிரியர்களே அரங்குகளை நிரப்பியிருப்பார்கள். கதவு சாத்தியிருந்த அந்த ஆண்டுகளில்தான் வங்கதேச நாவலாசிரியர் ஹுமாயுன் அகமது எழுந்தார்; அவர் அமர்ந்து கையெழுத்திடும் அரங்கின் முன் நின்ற வரிசையை எந்த மொழி எழுத்தாளரும் பொறாமையோடு பார்ப்பார். தற்காப்பு தன் வேலையைச் செய்தது. அது இன்னும் தேவையா என்பது வேறு கேள்வி. கொல்கத்தா தன் பங்குக்கு வங்கதேச அரங்கை ஆண்டுதோறும் பெரிதாக அமைத்தது. 2022-இல் வங்கதேசமே சிறப்பு விருந்தாளி. வரவேற்பு இவ்வாறு ஒருவழிப் பாதையாகவே நெடுங்காலம் இருந்தது. பரிசுகள் மட்டும் நூல்களைவிட எளிதாக எல்லை தாண்டின: அக்தருஸ்ஸமான் இலியாஸின் ‘குவாப்நாமா’ நாவலுக்கு 1996-இல் கொல்கத்தாவின் ஆனந்த புரஸ்கார் கிடைத்தது.

ஆண்டின் ஓட்டத்திலும் இரண்டின் இடம் வேறு. கொல்கத்தாவின் பதிப்பு ஆண்டுக்கு மூன்று உச்சிகள்: நம் தீபாவளி மலர்களுக்கு ஈடான துர்கா பூஜைச் சிறப்பிதழ்கள், புத்தகக் காட்சி, கல்லூரிச் சாலையில் எழுத்தாளர்களை இனிப்போடு வரவேற்கும் சித்திரைப் புத்தாண்டு. டாக்காவில் ஈத் சிறப்பிதழ்களைத் தவிர்த்தால் எல்லாம் பிப்ரவரிக்குள் வந்து குவிகிறது. ஒரே மாதத்தில் 3,000-க்கும் மேற்பட்ட புதிய நூல்கள். கழிவும் அதற்கேற்றபடி: கொல்கத்தாவில் 10 சதவீதம், டாக்காவில் வழக்கமாக 25. அவசரத்தின் அடையாளத்தை டாக்கா நூல்களின் மெய்ப்பில் காணலாம் என்று அங்குள்ள விமர்சகர்களே கடிந்துகொள்கிறார்கள்.

இத்தனை வேற்றுமைக்கு நடுவே ஒரு நிறம் இரண்டையும் சேர்க்கிறது. பால்குன் மாதப் பிறப்பாக வங்கதேச நாள்காட்டி கொண்டாடும் பிப்ரவரி நடுப்பகுதியில் டாக்கா சந்தைக்குப் பெண்கள் வசந்த மஞ்சள் புடவையும் தலையில் பூவுமாய் வருகிறார்கள். 21 அன்று அதே வளாகம் கறுப்பும் வெள்ளையுமாக மாறிவிடும். கொல்கத்தாவில் சரஸ்வதி பூஜை பல ஆண்டுகளில் காட்சி நாட்களிலேயே வந்துவிழும்; அன்றும் அதே மஞ்சள். ஒன்று தேவியின் நாள், மற்றது பருவத்தின் நாள். அருகருகே வைத்த இரு புகைப்படங்களில் ஊரை அடையாளம் சொல்வது கடினம்.

இருண்ட பக்கத்திலும் ஒற்றுமை தொடர்கிறது. முதலில் அது ஒற்றுமையாகத் தெரிவதில்லை. தெரிதா வந்த அதே 1997-இல் மைதானத்தில் தீப்பற்றி ஒரு லட்சம் நூல்களுக்கு மேல் எரிந்தன. நெரிசலில் ஒருவர் மாரடைப்பால் இறந்தார். மூன்று நாட்களில் காட்சி மீண்டும் எழுந்தது. கொல்கத்தாவின் பெருந்துயர் விபத்தால் வந்தது. டாக்காவின் துயர் கத்தியால் வந்தது. 2004 பிப்ரவரி 27 அன்று சந்தையிலிருந்து திரும்பிய எழுத்தாளர் ஹுமாயுன் ஆசாத் வெட்டப்பட்டார். சில மாதங்களில் ஜெர்மனியில் இறந்தார். 2015 பிப்ரவரி 26 அன்று, ஏறத்தாழ அதே இடத்தில், சந்தையிலிருந்து மனைவியோடு திரும்பிய எழுத்தாளர் அவிஜித் ராய் கொல்லப்பட்டார். எரிந்த நூலை மறுபடி அச்சிடலாம். இந்த இரண்டு இழப்புகளையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் வங்கதேச எழுத்தாளர் தஸ்லிமா நஸ்ரினின் பெயரை வைத்துப் பார்த்தால் தராசு சமமாகிறது. கொல்கத்தா 1992-இல் அவருக்கு ஆனந்த புரஸ்கார் கொடுத்தது. 2007-இல் நகரை விட்டே அனுப்பிவைத்தது. 2012 புத்தகக் காட்சியில் அவருடைய தன்வரலாற்று நூலின் வெளியீட்டை, எதிர்ப்புக்கு அஞ்சி, அரங்கில் நடக்கவிடவில்லை. பதிப்பாளர் கூடத்துக்கு வெளியே நின்று அதை வெளியிட்டார். டாக்காவில் 2025 பிப்ரவரியில் அவர் நூலை வைத்திருந்த ஓர் அரங்கைக் கூட்டம் முற்றுகையிட்டது, அரங்கு மூடப்பட்டது. அரசு நிறுவனமானாலும் வணிகர் கில்டானாலும் கூச்சலுக்கு முன் இரண்டும் ஒரே விதமாகப் பின்வாங்கின. உலகை அழைக்கும் சந்தையும் கதவு சாத்திய சந்தையும் ஒரே எழுத்தாளருக்கு ஒரே பதிலைச் சொல்லியிருக்கின்றன.

அதே 2025-இல் கொல்கத்தாவில் வங்கதேச அரங்கு இல்லை. 1996-க்குப் பின் அப்படி நேர்ந்தது அதுவே முதல் முறை. ஒருவழிப் பாதையும் அடைபட்டது. இதை மீண்டும் திறக்க அரசுகளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். இரு சந்தைகளிலும் சிற்றிதழ்களுக்கென ஒரு மூலை நெடுங்காலமாக உண்டு. டாக்காவில் அது பல ஆண்டுகள் அகாதமியின் தான்றி மரத்தடியில் இருந்தது. கொல்கத்தாவில் தனிக் கூடாரம், வரிசையாக மேசைகள், மேசைக்குப் பின்னால் ஆசிரியரே விற்பனையாளர். பங்களாபஜாரின் வணிகத்தை ஒரு கொல்கத்தா சிற்றிதழ் கெடுத்துவிடாது. கல்லூரிச் சாலையை ஒரு டாக்கா சிற்றிதழ் அசைத்துவிடாது. தற்காப்பு என்ற காரணம் அங்கே செல்லாது. ஒவ்வொரு மூலையிலும் பத்து மேசைகளை மற்ற ஊருக்கு ஒதுக்குவதுதான் தொடக்கமாக இருக்க வேண்டும். இரண்டில் எந்தச் சந்தை முதலில் ஒதுக்கினாலும் மகிழ்ச்சிதான்.