வந்தியத்தேவனின் உண்மை முகம் எது?



எங்கள் பள்ளி நூலகத்தில் ஒரு நாள் மாணவர் நால்வர் ஒரு மேசையைச் சுற்றி நின்று வாதாடிக்கொண்டிருந்தனர். மேசைமேல் மூன்று வந்தியத்தேவன்கள் இருந்தார்கள். பழைய தடித்த புத்தகத்தில் கறுப்புக் கோடுகளால் வரையப்பட்ட ஒருவன். வண்ணப் படக்கதையில் குதிரைமேல் வரும் ஒருவன். திரைப்பட விளம்பரத்தில் நடிகர் ஒருவர். எங்களைக் கண்டதும் வாதத்தை எங்களிடமே கொண்டுவந்தார்கள்.

"ஐயா, இதிலே எது உண்மையான முகம்?"

கேள்வி சிறியதுதான். ஆனால் அதற்கு விடை சொல்லப் புகுந்தால் ஓர் எழுத்தாளர், பல ஓவியர்கள், மூன்று தலைமுறை வாசகர்கள், சில கல்வெட்டுகள் எல்லாவற்றையும் தொட்டுச் செல்ல வேண்டியிருக்கிறது. இன்றைய உரையில் அதைத்தான் செய்யப்போகிறோம்.

'பொன்னியின் செல்வன்' என்னும் நாவலை எழுதியவர் கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி. தாம் நடத்திய 'கல்கி' வார இதழில் 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை அதைத் தொடர்கதையாக எழுதினார். புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாக சிகரம் என்று ஐந்து பாகங்கள். அதை எழுதி முடித்த அதே ஆண்டு டிசம்பரில் அவர் மறைந்தார்.

அந்த ஆண்டுகளில் நம் பேராக் மாநிலம் எப்படியிருந்தது? 1948 ஜூன் மாதத்தில் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 வரை அது நீடித்தது. தோட்ட மக்களை ஓரிடத்தில் குவித்து முள்வேலி போட்டார்கள். இரவில் ஊரடங்கு, அரிசிக்கும் கட்டுப்பாடு. அத்தகைய இரவுகளில்தான் சோழ நாட்டு வீரநாராயண ஏரிக்கரையில் ஓர் இளைஞன் குதிரையேறி வரும் கதை கப்பல் வழியாக நம்மவரிடம் வந்து சேர்ந்தது. இதழ் வரப் பல நாள் ஆகும். வந்தாலும் ஒரு தோட்டத்துக்கு ஒன்றோ இரண்டோதான். எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் மண்ணெண்ணெய் விளக்கடியில் உரக்க வாசிக்க, லயத்தின் முன்புறம் உட்கார்ந்து மற்றவர்கள் கேட்டார்கள் என்று மூத்தவர்கள் சொல்ல நாங்கள் கேட்டிருக்கிறோம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேட்டுக்கொண்டிருந்தவர்களுள் பலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, எழுத்து தெரியாது. வாசிப்பு முடிந்ததும் இதழ் கைமாறும். அப்போது அவர்கள் பார்த்தது படத்தைத்தான். எழுத்து வாசித்தவருக்குச் சொந்தம். படம் எல்லாருக்கும் சொந்தம்.

அந்தப் படங்களை வரைந்தவர் மணியம். கதைக் களமான இலங்கைக்குக் கல்கி சென்றபோது மணியமும் உடன் சென்றார். எழுத்தாளர் பார்த்த இடிபாடுகளையும் சிலைகளையும் ஓவியரும் பார்த்தார். ஆகவே அவருடைய ஓவியம் கதைக்கு ஓரத்தில் ஒட்டிய அலங்காரமாக இல்லாமல், கதையோடு சேர்ந்தே வளர்ந்தது. நந்தினிக்குப் பொன்னிறமும் வட்டமுகமும், குந்தவைக்குச் செந்தாமரை நிறமும் சற்றே நீண்ட முகமும் என்று கல்கி வேறுபடுத்தி எழுதினார். கறுப்பு வெள்ளைக் கோட்டுப் படத்தில் பொன்னிறத்தை எப்படிக் காட்டுவது? அங்கே முகத்தின் வடிவும் கொண்டையும் அணிகலனும்தாம் அடையாளமாக நிற்க வேண்டும். கொண்டையைப் பார்த்தே 'இவள் நந்தினி, இவள் குந்தவை' என்று எழுத்தறியாத பாட்டியும் சொல்லிவிடுவார்.

பின்னர் அதே இதழில் இக்கதை மீண்டும் மீண்டும் தொடராக வந்தது. அப்போது வினு, பத்மவாசன் முதலிய ஓவியர்கள் தத்தம் கைவண்ணத்தில் வரைந்தார்கள். இதற்கிடையே கட்டம் கட்டமாகக் கதை சொல்லும் படக்கதையும் தமிழில் வேரூன்றிவிட்டது. 'தினத்தந்தி'யில் 1960இல் தொடங்கிய 'கன்னித்தீவு' நாள்தோறும் வந்தது. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு புறப்பட்டது. அவ்வழியில் வந்த நிலா காமிக்ஸ், 'பொன்னியின் செல்வ'னையும் வண்ணப் படக்கதையாக்கிப் பல பகுதிகளாக வெளியிட்டது. 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் மணிரத்னத்தின் திரைப்படம் இரண்டு பாகங்களாக வந்தது.

ஒவ்வொரு முறையும் வாசகர்கள் சும்மா இருக்கவில்லை. தொடர் முடிந்தபோதே, 'இன்னாருக்குப் பிறகு என்ன ஆயிற்று? கதையை இப்படி நிறுத்திவிட்டீர்களே!' என்று அவர்கள் குறைப்பட, கல்கி ஒரு முடிவுரை எழுதி விளக்கம் சொல்ல நேர்ந்தது. நூலைப் பற்றியே அப்படி என்றால் படத்தைப் பற்றிக் கேட்க வேண்டுமா? நாங்கள் கேட்ட கருத்துகளை மூன்று கட்சியாகப் பிரிக்கலாம்.

முதல் கட்சியினர், 'மணியம் வரைந்த முகமே முகம். மற்றவை வேடம்' என்பவர்கள். இவர்கள் பெரும்பாலும் மூத்தவர்கள். இவர்கள் சொல்வதில் பாசம் இருக்கிறது; ஒரு நியாயமும் இருக்கிறது. கல்கியின் காலத்தில், அவர் ஆசிரியராக இருந்த இதழிலேயே வந்த படங்கள் அவை. ஆனால் இதையே சட்டமாக்கினால் பிறகு வந்த ஓவியர் எவரும் தூரிகையைத் தொட முடியாது.

இரண்டாம் கட்சியினர், 'படக்கதையில் கல்கி காணாமற் போகிறார்' என்பவர்கள். ஏறத்தாழ முந்நூறு அத்தியாயங்கள் கொண்ட கதை அது. கல்கி நடுநடுவே வாசகரைக் கூப்பிட்டுப் பேசுவார். ஆற்றங்கரையில் நிறுத்தி ஊர்ப் பெருமை சொல்வார். ஆழ்வார்க்கடியானைச் சண்டைக்கு இழுத்துவிட்டுத் தாம் ஒதுங்கி நின்று சிரிப்பார். கட்டத்துக்குள் அந்தக் குரலுக்கு இடமில்லை. பாத்திரத்தின் வாயருகே நாலு வரிப் பேச்சுத்தான் கொள்ளும். இந்தக் குறை உண்மையானது. ஆயினும் மறுபக்கமும் உண்டு. இரண்டாயிரம் பக்கத்தைக் கண்டு அஞ்சும் பிள்ளை இருபது பக்கப் படக்கதையைத் துணிந்து எடுக்கிறது. அப்படித் தொடங்கியவர்களில் சிலர் மூலநூலைத் தேடி வந்ததை எங்கள் நூலகத்திலேயே கண்டிருக்கிறோம்.

மூன்றாம் கட்சியினர், 'இது சரித்திரத்துக்கு ஒத்திருக்கிறதா?' என்று கேட்பவர்கள். 'சோழப் பெண்கள் இப்படியா உடுத்தினார்கள்? அரசர்கள் இத்தகைய கவசமா அணிந்தார்கள்?' என்பவை இவர்களுடைய கேள்விகள். வகுப்பறைக்கு மிகவும் வேண்டிய கட்சி இதுதான். ஏனெனில் இவர்கள் சான்று கேட்கிறார்கள்.

சான்று உண்டா? ஓரளவு உண்டு. இராசராசன் எடுப்பித்து 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலில், கருவறையைச் சுற்றிய இருண்ட வழியில், பிற்கால நாயக்கர் ஓவியங்களுக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் மறைந்திருந்தன. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி அவற்றைக் கண்டறிந்தார். அக்கால மக்கள் முடியை எப்படி முடிந்தார்கள், என்னென்ன நகை பூண்டார்கள், எப்படி ஆடினார்கள் என்பதை அந்தச் சுவர் காட்டுகிறது. சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் காட்டுகின்றன. நம் படக்கதைகளிலும் திரையிலும் வரும் தைத்த ரவிக்கையும் மேலங்கியும் அங்கே அரிது. உடலை மூடுபவை பெரும்பாலும் மெல்லிய துணியும் நிறைய அணிகளுமே. குடும்பத்தார் அனைவரும் பார்க்கும் இதழுக்கு வரைபவர் அதைச் சற்று மாற்றித்தான் வரைவார். அதைப் பிழை என்று சொல்லிவிட வேண்டியதில்லை. மாற்றம் என்று தெரிந்துகொண்டால் போதும்.

ஆனால் முகம்? வந்தியத்தேவன் என்றொருவர் வாழ்ந்தார் என்பது மெய். குந்தவைப் பிராட்டியார் வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்பதைத் தஞ்சைக் கோயில் கல்வெட்டே சொல்கிறது. அவருடைய முகத்தைச் சொல்லும் கல்வெட்டு கிடையாது. நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் ஆகியோரோ கல்கியின் கற்பனையில் பிறந்தவர்கள். நீலகண்ட சாஸ்திரியாரின் சோழர் வரலாற்றையும் சதாசிவ பண்டாரத்தாரின் நூலையும் படித்துத்தான் கல்கி எழுதினார். கிடைத்த சில வரிகளுக்கு இடையே இருந்த வெற்றிடத்தைக் கதையால் நிரப்பினார். கல்கி விட்ட வெற்றிடத்தை ஓவியர் கோடுகளால் நிரப்பினார். ஆக, பிள்ளையின் மனத்தில் பதியும் முகத்துக்கு முன்னே இரண்டு பேர் கை வைத்திருக்கிறார்கள்.

இதை விளக்க ஒரே ஓர் எடுத்துக்காட்டுப் போதும். பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டான். காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கோயிலில், இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரையும் அவர்களுடைய சுற்றத்தாரின் நிலம் பறிக்கப்பட்டதையும் அது கூறுகிறது. கொலை எப்படி நடந்தது, யார் தூண்டினார்கள் என்று சொல்லவில்லை. கல்கி அந்த மௌனத்தைக் கெடுக்காமல், இருட்டறையில் காட்சியை அமைத்து, ஐயம் பலர்மேலும் விழும்படி எழுதினார். அதை ஓவியர் வரையப் போனால் என்ன செய்வார்? கத்தி பிடித்த கையை வரைந்தால் அது ஒருவருடைய கையாகிவிடும். வரையாமல் விட்டால் கட்டம் முழுவதும் இருட்டுத்தான். எழுத்து 'இருக்கலாம்' என்று சொல்லும். படத்துக்கு அந்தச் சொல் அவ்வளவு எளிதில் வராது. படக்கதையின் பலமும் இதுதான். அதில் நாம் விழிப்பாக இருக்க வேண்டிய இடமும் இதுதான்.

இந்தக் கதை நம் நாட்டையும் தொடுகிறது. நோயுற்ற அருள்மொழிவர்மர் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்தில் தங்கியதாகக் கல்கி எழுதுகிறார். மெய்யான சூடாமணி விகாரம் கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் ஆண்ட அரசர் குலத்தார் எடுப்பித்தது. கடாரம் என்பது நம் கெடா. அந்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை இராசராசன் தன் இருபத்தொன்றாம் ஆட்சியாண்டில், அதாவது 1005ஐ ஒட்டிய காலத்தில், வழங்கியதைச் செப்பேடு சொல்கிறது. கதை நடப்பதோ அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் முந்தி. கல்கி கதைக்காகக் காலத்தைச் சற்று நகர்த்திக்கொண்டார். நட்பாகத் தொடங்கிய இந்த உறவு 1025இல் இராசேந்திரனின் கடாரப் படையெடுப்பில் முடிந்தது. 'செஜாரா மெலாயு' என்னும் மலாய் நூலும் கங்கா நகரத்தை அழித்த ராஜா சூலனைப் பற்றிப் பேசுகிறது. அந்த நகரம் நம் பேராக்கின் டிண்டிங், புருவாஸ் பக்கம் இருந்ததாகக் கருதுகிறார்கள். அவ்வரசர் கண்ணாடிப் பெட்டிக்குள் அமர்ந்து கடலுக்கடியில் இறங்கியதாகவும் அந்நூல் கூறுகிறது! சரித்திரத்தோடு கற்பனை கலப்பது எல்லா மக்களிடமும் உள்ள வழக்கம்தான்.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை கையில் படக்கதை இருந்தால் பிடுங்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து மூன்று கேள்வி கேளுங்கள். இதில் கல்வெட்டிலும் செப்பேட்டிலும் உள்ளது எது? கல்கி சேர்த்தது எது? ஓவியர் சேர்த்தது எது? விடை தெரியாவிட்டாலும் கேள்வி தங்கிவிடும். எங்கள் மாணவர் நால்வருக்கும் நாங்கள் சொன்ன விடையும் இதுவே: "மூன்றுமே வந்தியத்தேவனைப் பார்க்காதவர்கள் கொடுத்த முகம். உங்களுக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள். ஏன் பிடித்தது என்று மட்டும் சொல்லத் தெரிய வேண்டும்."

அப்போது அவர்களில் ஒரு பிள்ளை கேட்டாள்: "எங்கள் கொள்ளுப்பாட்டி பால்மரம் வெட்டினார்களாம். அவர்களுக்குப் படமே இல்லை, ஐயா. அவர்கள் முகத்தை யார் வரைவார்கள்?"

நேயர்களே, இதற்கு எங்களிடம் விடை இல்லை. அரசகுலத்துக்குக் கல்வெட்டாவது மிஞ்சியது. நம் கித்தாத் தோட்டங்கள் பல செம்பனைக் காடாயின. பல வீடமைப்புப் பகுதிகளாயின. லயங்கள் இடிந்தன. நாளை ஓர் ஓவியர் பேராக் தோட்டத்துக் கதையை வரைய முற்பட்டால், உளியை எந்தக் கையில் பிடித்தார்கள், தலையில் துணியை எப்படிக் கட்டினார்கள், மங்கும் காண்டா வாளியும் எப்படியிருந்தன என்று யாரைக் கேட்பார்? நாம் சான்று விட்டுச் செல்லாவிட்டால் அவரும் வெற்றிடத்தைக் கற்பனையால்தான் நிரப்புவார். அப்புறம் அந்த முகமே நம் முகமாகிவிடும்.

இன்றிரவு வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பழைய படம் ஒன்றிருந்தால் அதன் பின்புறம் பெயரையும் தோட்டத்தையும் ஆண்டையும் பென்சிலால் எழுதி வையுங்கள். படம் இல்லையென்றால் மூத்தவர் ஒருவரை உட்காரவைத்துச் சொல்லச் சொல்லி, பிள்ளையை எழுதச் செய்யுங்கள். ஒரு பக்கம் போதும். உடையார்குடிக் கல்வெட்டும் சில வரிகள்தாம்.