சமூக உளவியல் சோதனைகளில் ஏமாற்று

சோதனைக்கு வருபவரிடம் அதன் உண்மையான நோக்கத்தையோ நடைமுறையையோ வேண்டுமென்றே மறைப்பதும், வேறொன்றைச் சொல்லி நம்பவைப்பதும் சமூக உளவியலில் ஏமாற்று எனப்படும். ஆய்வாளரின் ஆட்களைச் சக பங்கேற்பாளர்கள்போல உட்காரவைப்பது, போலி மதிப்பெண் தருவது, இயங்காத கருவியை இயங்குவதாகக் காட்டுவது எல்லாம் இதில் அடங்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் இது துறையின் வழக்கமான உத்தியாயிற்று. 1960களிலிருந்து இதன் அறம் குறித்த விவாதமும் ஓயவில்லை. ஆதரித்தவர்கள் சொன்ன நியாயங்கள் பல. ஆனால் அவை எல்லாமே கடைசியில் ஒரே நம்பிக்கையின்மேல்தான் ஊன்றி நிற்கின்றன: சோதனை முடிந்ததும் உண்மையைச் சொல்லிவிட்டால் நேர்ந்த தவறு நேராகிவிடும். இந்த நம்பிக்கைக்கு உளவியலே தேடித் தந்த சான்றுகள் சாதகமாக இல்லை என்பதைத்தான் இதன் வரலாறு காட்டுகிறது.

தொடக்ககால ஏமாற்றுகள் மென்மையானவை. 1950களில் சாலமன் ஆஷ் நடத்திய சோதனையில், கோடுகளின் நீளத்தை ஒப்பிடும்போது அறையிலிருந்த மற்றவர்கள் எல்லாரும் பேசிவைத்துக்கொண்டு தவறான விடை சொன்னார்கள். விவரமறியாத ஒரே ஆள் என்ன செய்வார் என்பதே கேள்வி. ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் ஒருமுறையாவது கூட்டத்தோடு சேர்ந்து தவறாகச் சொன்னார்கள். 1959-இல் லியான் ஃபெஸ்டிங்கரும் ஜேம்ஸ் கார்ல்ஸ்மித்தும் மாணவர்களுக்குச் சலிப்பூட்டும் வேலை கொடுத்து, அது சுவையானது என்று அடுத்து வருபவரிடம் சொல்லச் சிலருக்கு 1 டாலரும் சிலருக்கு 20 டாலரும் கொடுத்தார்கள். அந்த ‘அடுத்தவர்’ ஆய்வாளரின் ஆள். ஏமாற்றப்பட்டவரையே பொய் சொல்லவும் வைத்த இந்த ஏற்பாடு அன்று யாரையும் பெரிதாக உறுத்தவில்லை.

உறுத்தியது ஸ்டான்லி மில்கிராமின் சோதனை. 1961-இல் யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அதற்கு, நினைவாற்றல் பற்றிய ஆய்வு என்று நியூ ஹேவன் செய்தித்தாளில் விளம்பரம் தந்து ஆட்களைச் சேர்த்தார். ஊதியம் 4 டாலர், வழிச்செலவுக்கு 50 சென்ட். யார் ஆசிரியர், யார் மாணவர் என்பதைத் தீர்மானிக்கச் சீட்டு எடுக்கச் சொன்னார்கள். இரண்டு சீட்டிலும் ‘ஆசிரியர்’ என்றே எழுதியிருந்தது. வந்தவருக்கு 45 வோல்ட் மின்னதிர்ச்சி ஒன்றை உண்மையாகவே கொடுத்துக் கருவியை நம்பவைத்தார்கள். பிறகு 15 முதல் 450 வோல்ட் வரை குறித்த 30 விசைகளின் முன் அவர் உட்கார்ந்தார். அடுத்த அறையில் ‘மாணவராக’ இருந்த ஆய்வாளரின் ஆள் தவறாக விடை சொல்லும் ஒவ்வொரு முறையும் ஒரு விசை மேலே போக வேண்டும். அங்கே மின்சாரம் எதுவும் பாயவில்லை. 1963-இல் வெளியான முதல் கட்டுரையின்படி, 40 ஆண்களில் 26 பேர் கடைசி விசை வரை போனார்கள். அதே கட்டுரையில்தான் அவர்கள் வியர்த்ததும், நடுங்கியதும், உதட்டைக் கடித்ததும், 14 பேர் அடக்கமுடியாமல் பதற்றச் சிரிப்பு சிரித்ததும் பதிவாகியிருக்கின்றன. அதிர்ச்சி போலியானது, அதைக் கொடுத்தவர் பட்ட வேதனை போலியானதல்ல.

1964-இல் டயானா பாம்ரின்ட் இதைக் கண்டித்து எழுதினார். உதவ வந்தவரின் நம்பிக்கையைப் பயன்படுத்தி அவரை இழிவுக்குள்ளாக்கியதையும், அதிகாரத்தின்மேல் அவர் வைத்திருந்த நம்பிக்கை சிதையக்கூடும் என்பதையும் அவர் சுட்டினார். மில்கிராம் பதிலாகக் காட்டியது ஒரு கணக்கெடுப்பு: பின்னர் அனுப்பிய வினாத்தாளுக்குப் பதிலளித்தவர்களில் 84 சதவீதம் பேர் பங்கேற்றதில் மகிழ்ச்சி என்றார்கள், 1.3 சதவீதம் பேர்தான் வருந்தினார்கள். இன்றுவரை ஏமாற்றை ஆதரிப்பவர்கள் முதலில் எடுத்துக்காட்டும் எண் இதுதான். இதை அலட்சியப்படுத்த முடியாது. ஆனால், ஓர் அனுபவத்தைக் கடந்து வந்தவர் அதற்குப் பிறகு பொருள் தேடிக்கொள்வது இயல்பு. அறிவியலுக்குத் தொண்டு செய்தோம் என்ற விளக்கத்தை ஆய்வாளரே கையில் கொடுக்கும்போது அதைப் பற்றிக்கொள்வதிலும் வியப்பில்லை. பின்னால் வரும் மகிழ்ச்சி, முன்னால் கேட்காத ஒப்புதலுக்கு ஈடாகாது. போதாக்குறைக்கு, யேலில் உள்ள ஆவணங்களை ஆராய்ந்த ஜினா பெர்ரி 2010களில் வெளியிட்ட நூலில், பலருக்குச் சோதனை நாளன்று முழு உண்மையும் சொல்லப்படவில்லை என்று காட்டினார். யாரையோ வதைத்துவிட்டோம் என்ற எண்ணத்தோடு வீடு திரும்பியவர்களுக்குப் பல மாதங்கள் கழித்து அஞ்சலில் வந்த அறிக்கைதான் விளக்கம்.

இந்த விவாதத்தில் மிகக் கூர்மையான சான்றை அளித்தது ஏமாற்று பற்றியே நடந்த ஆய்வு என்று சொல்ல வேண்டும். 1975-இல் லீ ராஸ், மார்க் லெப்பர், மைக்கேல் ஹப்பர்ட் மூவரும் தற்கொலைக் குறிப்புகளில் உண்மையானது எது, புனைந்தது எது என்று கண்டுபிடிக்கும் வேலையைக் கொடுத்தார்கள். சிலரிடம் ‘நன்றாகச் செய்தீர்கள்’ என்றும் சிலரிடம் ‘மோசம்’ என்றும் சொன்னார்கள். அந்த மதிப்பீடுகளுக்கும் அவர்கள் செய்ததற்கும் தொடர்பே இல்லை. பிறகு அதையும் வெளிப்படையாகச் சொன்னார்கள். சொன்ன பிறகும், பாராட்டப்பட்டவர் தம் திறமையை உயர்வாகவும் குறைகூறப்பட்டவர் தாழ்வாகவும் மதித்தார். பொய் பொய்யென்று தெரிந்த பின்னும் அதன் தடம் அழியவில்லை. இப்படித் தடம் தங்குவதையும் எடுத்துச் சொல்லி விளக்கியபோது பாதிப்பு குறைந்தது என்பதும் அதே ஆய்வில் உண்டு. ஆகவே நல்ல விளக்கம் பயனற்றதல்ல. ஆனால் ‘எல்லாம் பொய்தான்’ என்று ஐந்து நிமிடத்தில் சொல்லி அனுப்புவது எதையும் துடைத்துவிடாது.

விதிகள் இதற்கிடையே மெல்ல இறுகின. 1967-இல் ஹெர்பர்ட் கெல்மன், ஏமாற்று யோசிக்காமலே கையாளப்படும் பழக்கமாகிவிட்டது என்று எச்சரித்தார். அமெரிக்க உளவியல் சங்கம் 1973-இல் மனிதப் பங்கேற்பாளர்களுக்கான ஆய்வு நெறிகளை வெளியிட்டது. 1979-இன் பெல்மான்ட் அறிக்கை மனிதர்களை மதித்தல், நன்மை, நீதி என்ற மூன்று அடிப்படைகளை வகுத்தது. சங்கத்தின் இன்றைய விதி, வேறு வழி இல்லாதபோதும் ஆய்வின் மதிப்பு அதை நியாயப்படுத்தும்போதும் மட்டுமே ஏமாற்றை அனுமதிக்கிறது. உடல்வலியோ கடும் மனவேதனையோ தரக்கூடிய ஆய்வில் அதற்கு இடமில்லை. தம் தரவைத் திரும்பப் பெறும் உரிமையும் பங்கேற்பாளருக்கு உண்டு.

‘வேறு வழி இல்லை’ என்பதுதான் மறுதரப்பின் வலுவான வாதம். 1968-இல் ஜான் டார்லியும் பிப் லாட்டனேயும், இன்டர்காமில் ஒருவர் வலிப்பால் துடிப்பதுபோலக் கேட்கவைத்தார்கள். தாம் ஒருவர் மட்டுமே கேட்பதாக நம்பியவர்களில் 85 சதவீதம் பேர் வலிப்பு ஓய்வதற்குள் உதவி தேடினார்கள். வேறு நால்வரும் கேட்பதாக நம்பியவர்களில் 31 சதவீதம் பேர் மட்டுமே. ‘நீங்கள் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டிருந்தால் எல்லாரும் உதவுவேன் என்றிருப்பார்கள். இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எனினும் இவ்வாதம் ஏமாற்று நம்பப்படும் வரைதான் செல்லும். மில்கிராமின் வினாத்தாளிலேயே, மாணவருக்கு வலிக்கிறது என்று முழுமையாக நம்பியதாகச் சொன்னவர்கள் 56 சதவீதம்தான். உளவியலாளர்கள் பொய் சொல்வார்கள் என்று ஊருக்கே தெரிந்த பிறகு, வருபவர் நடப்பதை நம்புகிறாரா, நம்புவதாக நடிக்கிறாரா என்று பிரிப்பது கடினம். சோதனைப் பொருளியலாளர்கள் ஏமாற்றை அறவே விலக்கிவைத்திருப்பது இக்காரணத்தால்தான். ஒருவர் சொல்லும் பொய் அடுத்தவரின் ஆய்வையும் கெடுக்கும் என்பது அவர்கள் கணக்கு.

அன்றாட வாழ்விலும் சிறு பொய்கள் உண்டே என்பாரும் உளர். அங்கே பொய் சொல்பவருக்கும் கேட்பவருக்கும் இடையே உறவு இருக்கிறது. கேட்பவர் திருப்பிக் கேட்கலாம், கோபித்துக்கொள்ளலாம். சோதனைக்கூடத்தில் ஒரு தரப்புக்கு மட்டுமே எல்லாம் தெரியும். இதற்கு மாற்றாக ஒப்புதலை முன்னுக்குக் கொண்டுவரும் வழி ஒன்று உண்டு: ‘இந்த ஆய்வில் சில விவரங்கள் மறைக்கப்படலாம், சம்மதமா?’ என்று தொடக்கத்திலேயே கேட்பது. எதை மறைக்கிறோம் என்று சொல்லாமலே, மறைக்கிறோம் என்பதைச் சொல்லலாம். தீங்கை முன்கூட்டியே குறைக்கவும் முடியும். மில்கிராம் சோதனையை ஜெரி பர்கர் திரும்ப நடத்தி 2009-இல் வெளியிட்ட மறுசோதனை, மாணவர் முதன்முதலில் விடுவிக்கும்படி கத்தும் 150 வோல்ட்டைத் தாண்ட யாரையும் விடவில்லை. முடிந்த உடனேயே உண்மையும் சொல்லப்பட்டது. 70 சதவீதம் பேர் அந்த எல்லைக்கு மேலும் தொடரத் தயாராக இருந்தார்கள். கேள்விக்கு விடை கிடைத்தது, 450 வோல்ட் வரை யாரையும் தள்ளாமலே. இதற்கு மாறாக, 2012 ஜனவரியில் ஃபேஸ்புக் 689,003 பேரின் செய்தியோடையை ஒரு வாரம் மாற்றியமைத்து அவர்களின் உணர்ச்சிகளைச் சோதித்தபோது, கணக்குத் தொடங்கும்போது எல்லாரும் ஏற்கும் பயன்பாட்டு விதிகளே ஒப்புதலாகக் கொள்ளப்பட்டன. 2014-இல் முடிவுகள் வெளியானதும் எழுந்த கண்டனத்தை அடுத்து, கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழே ஒப்புதல் முறை குறித்துத் தன் கவலையைப் பதிவுசெய்தது.